அடிப்படை வருமானமும் கூட்டுறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாளித்துவத்துக்கு மாற்று என்று பேச்சு எடுத்தால் இரண்டு யோசனைகள் முந்திக்கொண்டு வரும். நாட்டில் எல்லோருக்கும் மாதாமாதம் அரசு பணம் தரட்டும் என்பது ஒன்று. ஆலையும் கடையும் அங்கே உழைக்கிறவர்களுக்கே சொந்தமாகட்டும் என்பது இன்னொன்று. இவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். நடுநிலை வேடம் போடவில்லை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

அடிப்படை வருமானம் என்று எதைச் சொல்கிறார்கள்?

பொருளாக இல்லாமல் ரொக்கமாகத் தர வேண்டும். ஒரு தடவையோடு நிற்காமல் தொடர்ந்து வர வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று என்றில்லாமல் ஆளுக்கு ஒன்று. ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும். வேலைக்குப் போனால்தான், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. இவ்வளவும் சேர்ந்தால்தான் அது அடிப்படை வருமானம். நூறு நாள் வேலை இதில் வராது, ஏனென்றால் மண் வெட்டினால்தான் கூலி. பிரதமரின் கிசான் திட்டத்தில் வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் வராது. அது நிலம் வைத்திருப்பவருக்கு மட்டும். அந்த நிலத்தில் நாற்று நடுகிறவருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

அப்படியானால் மகளிர் உரிமைத் தொகை?

கிட்டத்தில் வருகிறது, ஆனால் அதுவும் இல்லை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போனது. ரொக்கம், மாதாமாதம், செலவுக் கணக்கு கேட்பதில்லை. இந்த மூன்றும் சரி. ஆனால் குடும்பத்துக்கு ஒரு பெண்ணுக்குத்தான். 21 வயது ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, நன்செய் 5 ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது என்று தகுதி பார்த்தார்கள். கூட்டுக்குடும்பத்தில் மீட்டர் ஒன்றுதான். அண்ணன் அறையில் ஏசி ஓடினால் தம்பி மனைவியின் விண்ணப்பம் அடிபட இது போதும்.

ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் என்ன? அம்பானிக்கும் ஏன் ஆயிரம் ரூபாய்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கான பதிலை நம் ரேஷன் கடை எப்போதோ சொல்லிவிட்டது.

1997இல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தது. பல மாநிலங்களில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பட்டியல் அரசியல்தான். தலையாரியைத் தெரிந்தவர் பெயர் உள்ளே போனது, தெரியாதவர் பெயர் வெளியே நின்றது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை, அட்டை எல்லோருக்கும் உண்டு என்றது. அதனால் பணக்காரர் எல்லாம் வந்து இருபது கிலோ புழுங்கலரிசியை அள்ளிக்கொண்டு போய்விட்டாரா? இல்லை. பலர் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொண்டார்கள், சிலர் பொருளே வேண்டாம் என்று அட்டையை முகவரிச் சான்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேண்டாதவர் தானாக விலகினார். வேண்டியவர் எந்த அதிகாரி முன்னாலும் தன் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

தகுதி பார்த்தே தீருவேன் என்றால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். சமுர்த்தி என்ற பழைய நலத்திட்டத்துக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும என்ற உதவித்தொகைத் திட்டம் வந்தது. வீட்டுச் சொத்து, வருமானம், உடல்நிலை என்று புள்ளி போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. முதல் பட்டியல் ஒட்டப்பட்டதும் லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன, பிரதேச செயலகங்களின் முன்னால் வரிசை நின்றது.

அம்பானி விஷயத்துக்கு வருவோம். அவருக்குப் போகும் ஆயிரத்தை வரியில் பல மடங்காகத் திரும்ப வாங்க வழியிருக்கிறது. பட்டியலில் விடுபட்ட கைம்பெண்ணை மீண்டும் கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை.

சும்மா காசு வந்தால் யார் வேலைக்குப் போவார்கள்?

மத்தியப் பிரதேசத்தில் சோதித்தே பார்த்தார்கள். 2011 முதல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் நிதியோடு 8 கிராமங்களில் ஏறக்குறைய 6,000 பேருக்குப் பணம் கொடுத்தது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைக்கு 100. ஓராண்டுக்குப் பிறகு 300, 150 என்று உயர்த்தினார்கள். பிள்ளைகளின் பங்கு அம்மா கையில் போனது. ஒப்பிட்டுப் பார்க்கப் பணம் கொடுக்காத கிராமங்களையும் எடுத்துக்கொண்டார்கள். கை ஸ்டாண்டிங், ரெனானா ஜாப்வாலா, சரத் தாவலா ஆகியோர் இந்த ஆய்வின் பின்னால் இருந்தவர்கள்.

வேலை குறையவில்லை, கூடியது. ஆனால் வேலையின் வகை மாறியது. பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள் சொந்தத் துண்டு நிலத்தில் அதிக நேரம் நின்றார்கள். விதையும் உரமும் வாங்கக் கையில் காசு இருந்தது. ஆடு, தையல் இயந்திரம் வாங்கினார்கள். கடன் குறைந்தது, பெண் குழந்தைகளின் எடை கூடியது. பண்ணையாருக்கு இதில் வருத்தம் இருந்திருக்கும், அறுவடை நேரத்தில் கூப்பிட்ட கூலிக்கு ஆள் வராதே. "மக்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள்" என்ற கவலையைக் கொஞ்சம் சுரண்டினால் பல இடங்களில் உள்ளே இருப்பது இதுதான்.

பின்லாந்து 2017, 2018 இரண்டு ஆண்டுகளும் வேலையில்லாத 2,000 பேரைக் குலுக்கலில் எடுத்து மாதம் 560 யூரோ கொடுத்தது. வேலை கிடைத்தாலும் பணத்தை நிறுத்தவில்லை. பணம் வாங்கியவர்கள் மற்றவர்களைவிட ஓராண்டில் சராசரியாக 6 நாள் கூடுதலாகவே வேலை பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மனச்சோர்வு குறைந்தது, எதிர்காலத்தின் மேல் நம்பிக்கை கூடியது. கனடாவில் டாஃபின் என்ற சிற்றூரில் 1970களில் நடந்த சோதனையின் கணக்குகள் பெட்டிகளில் தூங்கிக் கிடந்தன. எவலின் ஃபோர்ஷே பின்னாளில் எடுத்து ஆராய்ந்தபோது மருத்துவமனையில் சேர்வது 8.5 சதவீதம் குறைந்திருந்தது தெரியவந்தது.

இன்னொன்றும் உண்டு. நாலு வீட்டு வாடகையில் காலம் தள்ளுகிறவரைப் பார்த்து இந்தச் சோம்பேறிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பணம் டாஸ்மாக்குக்குத்தானே போகும்?

இல்லை. பல நாடுகளின் பணப் பரிமாற்றத் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை 2014இல் உலக வங்கி ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். குடிக்கும் புகைக்கும் செலவு கூடியதற்குப் பொதுவான ஆதாரம் கிடைக்கவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் அதே கதைதான். நம் ஊரில் டாஸ்மாக் மூலம் 2023-24இல் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். மகளிர் தொகைக்கு 2024-25இல் ஒதுக்கியது 13,720 கோடி. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பணம் போகிறது என்று நீங்களே பாருங்கள்.

சரி, எல்லோருக்கும் கொடுக்க எங்கே போவது பணத்துக்கு?

நேர்மையாகக் கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். ஆளுக்கு மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு சுமார் 86,500 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறக்குறைய பாதி அது. ஒரு மாநிலம் தனியாகச் செய்ய முடியாது. நிலம், கனிமம், சொத்து ஆகியவற்றின் மீது புதிய வரி இல்லாமல் பேசுகிறவர்கள் கனவு விற்கிறார்கள் என்றே சொல்வேன். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. ஆண்டுக்கு ஆளுக்கு 7,620 ரூபாய், மக்களில் 75 சதவீதம் பேருக்கு என்று வைத்து, நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 சதவீதம் ஆகும் என்றது. ஆனால் இருக்கும் மானியங்களை எடுத்துவிட்டு இதைத் தரலாமா என்ற தொனியும் அதில் இருந்தது. ரேஷனைப் பிடுங்கிக்கொண்டு ரொக்கம் தருவதாக இருந்தால் நான் எதிர்ப்பேன். அரிசி விலை ஏறினால் ரொக்கம் சுருங்கும். அரிசி சுருங்காது.

ஈரானில் அது நடந்தே விட்டது. 2010 டிசம்பரில் பெட்ரோல், ரொட்டி மானியத்தை வெட்டிவிட்டு மாதம் ஆளுக்கு 4,55,000 ரியால் போட ஆரம்பித்தார்கள். அன்றைய மதிப்பில் 45 டாலர். மக்கள் வேலையை விடவில்லை, அதைப் பின்னால் ஆராய்ந்தும் காட்டினார்கள். ஆனால் தொகையை ஏற்றாமல் அப்படியே வைத்திருந்ததால் சில ஆண்டுகளில் விலைவாசி அதைத் தின்று தீர்த்தது.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஆகச் சிறந்த பதில் அலாஸ்காவில் இருக்கிறது. எண்ணெய் கிடைத்ததும் 1976இல் அந்த மாநில மக்கள் அரசியலமைப்பையே திருத்தினார்கள். கனிம உரிமத்தொகையில் குறைந்தது கால் பங்கு ஒரு நிரந்தர நிதியில் சேர வேண்டும், முதலைத் தொடக் கூடாது. அதன் வருமானத்திலிருந்து 1982இல் முதல் பங்காக ஒவ்வொருவருக்கும் 1,000 டாலர் காசோலை போனது. கைக்குழந்தைக்கும் உண்டு. அலாஸ்காவில் எத்தனை ஆண்டு இருந்தீர்களோ அத்தனைக்கு ஏற்பக் கூட்டித் தரலாம் என்றுதான் முதலில் திட்டமிட்டார்கள். நேற்று வந்தவரும் குடிமகன்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் தொகை 3,284 டாலர். ஆனால் 2016இல் எண்ணெய் விலை விழுந்தபோது ஆளுநர் ஒரே கையெழுத்தில் அதைப் பாதியாகக் குறைத்து 1,022 ஆக்கினார். அலாஸ்கா ஒன்றும் இடதுசாரி மாநிலம் இல்லை. ஆனாலும் அந்த வெட்டு அங்கே இன்றுவரை தேர்தல் பிரச்சினை. காரணம், அதை யாரும் தர்மமாகப் பார்ப்பதில்லை. எண்ணெய் தங்களுடையது, இது தங்கள் பங்கு என்றே நினைக்கிறார்கள்.

இது முதலாளித்துவத்துக்கு மாற்று ஆகுமா?

தனியாக ஆகாது. இதில்தான் பல நண்பர்களோடு எனக்குச் சண்டை வருகிறது.

சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய பூசாரி மில்டன் ஃப்ரீட்மனே இதன் உறவுக்காரத் திட்டம் ஒன்றை முன்வைத்தவர். வருமானம் ஓர் அளவுக்குக் கீழே போனால் வரி கட்டுவதற்குப் பதிலாக அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அமெரிக்காவில் நிக்சன் அரசு அதே சாயலில் ஒரு மசோதா கொண்டுவந்தது. கீழவையில் தேறியது, செனட்டில் செத்தது. இவர்களுக்கெல்லாம் சொத்து யார் கையில் என்பது பிரச்சினையே இல்லை. ஆலை முதலாளியுடையதாகவே இருக்கட்டும், தொழிலாளி பட்டினி கிடக்காமல் இருந்தால் சரி.

இங்கிலாந்தில் 1795இல் ஸ்பீனம்லேண்ட் என்ற ஊரில் நீதிபதிகள் கூடி, ரொட்டி விலைக்கு ஏற்பக் கூலியோடு ஊர்ப் பணத்திலிருந்து சேர்த்துத் தர முடிவெடுத்தார்கள். கூலியைக் குறைத்தாலும் மீதியை ஊர் தருமே என்று பண்ணைக்காரர்கள் குறைத்தார்கள் என்பது அதன்மீது நெடுநாளாக இருக்கும் குற்றச்சாட்டு. அது எவ்வளவு உண்மை என்று வரலாற்றாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் ஆபத்து கற்பனை இல்லை.

அடிப்படை வருமானம் ஒரு மனிதருக்குத் தரும் பலம் ஒன்றுதான். "இந்தக் கூலிக்கு வர மாட்டேன்" என்று சொல்லும் பலம். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வந்த பிறகு அங்கே எதை, எப்படி, யாருக்காகச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையை அது தராது. அதற்கு வேறு வழி வேண்டும்.

கூட்டுறவா? நகைக்கடன், தள்ளுபடி, ரேஷன் கடை. அதுதானே?

நம் ஊரில் அப்படித்தான் ஆகிவிட்டது. தொடக்கம் அப்படி இல்லை. 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் நெசவாளர்களும் மற்றவர்களுமாக 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. லாபத்தை யார் எவ்வளவு வாங்கினார்களோ அதற்கு ஏற்பப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் காற்று சென்னைக்கும் அடித்தது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கியது. அரசு சொல்லித் தொடங்கியதில்லை, உள்ளூர்க்காரர்கள் தாங்களே தொடங்கியது. அதே ஆண்டுதான் பிரிட்டிஷ் அரசின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் வந்தது. விவசாயியை லேவாதேவிக்காரரிடமிருந்து மீட்பது அதன் நோக்கம். கூடவே சங்கங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் பதிவாளர் என்ற அதிகாரியும் வந்தார். வந்தவர் போகவே இல்லை.

அங்கேதான் கோளாறு. நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினருக்குச் சங்கம் தன்னுடையது என்ற நினைப்பே கிடையாது. செயலாளர் இருக்கிறார், துணைப் பதிவாளர் இருக்கிறார், தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் கையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த காலங்கள் உண்டு. தேர்தல் நடந்தால் ஆளுங்கட்சிப் பட்டியல். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. வாங்கியவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் சிட்டா, அடங்கல் கையில் இல்லாத வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு முதலில் கடனே கிடைக்காது, அப்புறம் தள்ளுபடி எங்கே? கூலித் தொழிலாளியின் கதையும் அதுவே. கூட்டுறவு ஏற்கெனவே ஏதோ ஒன்று வைத்திருப்பவரைத்தான் சேர்த்துக்கொள்கிறது. அதன் பெரிய குறை இது.

பால் சொசைட்டி மட்டும் கொஞ்சம் வேறு. விடியற்காலையில் தூக்குவாளியோடு வரிசை நிற்கிறது. ஊற்றியதும் அளவு, பிறகு சின்னக் குப்பியில் சாம்பிள், கொழுப்பும் திடச்சத்தும் பார்த்துச் சீட்டில் விழும் எண். அந்த எண் சரியில்லை என்றால் அங்கேயே குரல் உயரும். பின்னால் நிற்பவர் எல்லோருக்கும் அது கேட்கும். ஒரு மாடு வைத்திருக்கும் பெண்ணும் பத்து மாடு வைத்திருப்பவரும் ஒரே அளவுகோலில். கணக்கு தினமும் கண்முன் நடப்பதால் மோசடி செய்வது கடினம். செய்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆவினின் இந்த அமைப்பு, அதாவது கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மேலே மாநிலக் கூட்டமைப்பு என்ற மூன்றடுக்கு, குஜராத்தின் ஆனந்தில் 1946இல் பிறந்தது. பால்சன் கம்பெனிக்குப் பால் ஊற்ற மாட்டோம் என்று விவசாயிகள் மறுத்ததில் பிறந்தது. அதைக் கட்டி எழுப்பிய வர்கீஸ் குரியன் சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர்.

யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் "சங்கக்கடை" என்றால் இன்றும் எல்லோருக்கும் தெரியும். பனை, தென்னை ஏறுகிறவர்களின் கூட்டுறவுச் சங்கங்களும், மூளாயில் கூட்டுறவு மருத்துவமனையும் அங்கே உண்டு.

தொழிலாளர்களே முதலாளி ஆனால் ஆலை ஓடுமா?

கண்ணூரில் ஓடியது. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரளம் அதை அமல்படுத்தியதும், சலுகை தர முடியாது என்று மங்களூர் பீடி முதலாளிகள் 1968இல் கண்ணூர்ப் பக்கத்துக் கடைகளை மூடினார்கள். பன்னிரண்டாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். 1969இல் அவர்களே சேர்ந்து தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். பங்குத்தொகையில் பெரும்பகுதியை அரசு கடனாகக் கொடுத்தது. இல்லையென்றால் அன்றாடம் பீடி சுற்றுகிறவர் முதலுக்கு எங்கே போவார்? 1980களின் தொடக்கத்தில் 42,000 பேர் வரை அதில் இருந்தார்கள். கண்ணூர்ப் பீடிக் கூடங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பவருக்குக் கூலி போகாமல் இருக்க அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றித் தருவார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் பின்னால் நிர்வாகக் குழுவில் வரவுசெலவுக் கணக்கைப் பிரித்து மேய்ந்தார்கள். பீடி விற்பனை விழுந்தபோது ஆளைத் துரத்திவிட்டுக் கடையை மூடவில்லை. தேங்காய்ப்பால், குடை, மசாலாப் பொடி, ஆயத்த ஆடை என்று திரும்பினார்கள். ஆள் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிட்டது, உண்மைதான். பீடிக்கு எதிர்காலம் இல்லை என்பதும் உண்மைதான்.

அதே கேரளத்தில், வடகரைப் பக்கம், வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்ததற்காக வேலை மறுக்கப்பட்ட கூலிக்காரர்கள் 1925இல் தொடங்கியதுதான் ஊராளுங்கல் சங்கம். இன்று பாலமும் நெடுஞ்சாலையும் கட்டுகிறது, கோழிக்கோட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் நடத்துகிறது. 1957இல் காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு ஊழியர்களே எடுத்து நடத்திய இந்தியன் காபி ஹவுஸும் இந்த வகைதான். விசிறி வைத்த தலைப்பாகையோடு உங்கள் மேசைக்குக் காபி கொண்டுவருகிறவர் அந்தக் கடையின் பங்குதாரராக இருக்கலாம்.

மோண்ட்ராகன் என்று அடிக்கடி சொல்கிறார்களே?

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ஒரு மலையூர். உள்நாட்டுப் போர் முடிந்து 1941இல் அரிஸ்மெந்தியரியெத்தா என்ற இளம் பாதிரியார் அங்கே வந்தார். 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அங்கே படித்த ஐந்து பேர் 1956இல் தங்கள் பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்து உல்கோர் என்ற பட்டறையைத் திறந்து மண்ணெண்ணெய் அடுப்பு செய்தார்கள். 1959இல் சொந்த வங்கி. முதலாளிகள் என்று கருதி அரசின் சமூகப் பாதுகாப்பில் சேர்க்க மறுத்ததால் சொந்தக் காப்பீடும் ஏற்படுத்திக்கொண்டார்கள். இன்று மோண்ட்ராகன் குழுமத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட கூட்டுறவுகள், எழுபதாயிரத்துக்கு மேல் ஊழியர்கள். சேரும்போது ஏறக்குறைய 16,000 யூரோ முதல் போட வேண்டும், சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டலாம். உயர்ந்த சம்பளம் அடிமட்டச் சம்பளத்தின் ஆறு மடங்கைத் தாண்டாது. தலைமை நிர்வாகியை வேலைக்கு வைப்பதும் தூக்குவதும் உறுப்பினர்களின் பேரவை தேர்ந்தெடுத்த குழு.

வானுலகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1974இல் உல்கோரில் வேலைநிறுத்தம் நடந்தது, தலைமை தாங்கிய 17 பேரை வெளியேற்றினார்கள். வெளிநாடுகளில் வாங்கிய ஆலைகளின் தொழிலாளர்களில் பெரும்பாலோர் உறுப்பினர் இல்லை, வெறும் கூலிக்காரர்கள். உல்கோரின் வாரிசான ஃபாகோர் வீட்டுச் சாமான் நிறுவனம் 2013இல் திவாலானது. ஸ்பெயினில் வீடு கட்டுவது நின்றதும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் விற்கவில்லை. அதில் பணம் போட்டிருந்தவர்கள் அதை இழந்தார்கள். ஆனால் வேலை போன உறுப்பினர்களில் பெரும்பாலோரை மற்ற கூட்டுறவுகள் எடுத்துக்கொண்டன, இல்லை முன்கூட்டிய ஓய்வில் அனுப்பின. ஒரு சாதாரண கம்பெனி திவாலானால் நடப்பது என்ன என்று நமக்குத் தெரியும். 2022 டிசம்பரில் உல்மா, ஒரோனா என்ற இரண்டு பெரிய கூட்டுறவுகள் ஓட்டெடுத்துக் குழுமத்தைவிட்டு விலகின. அவை இப்போதும் கூட்டுறவுகள்தான், தனியாக.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் ஊருக்கு ஊர் இல்லை?

முதல் இல்லை. உழைப்பவரிடம் பணம் இருந்தால் அவர் ஏன் கூலிக்குப் போகிறார்? பணம் வைத்திருப்பவர் ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற இடத்தில் முதலீடு செய்ய மாட்டார். வங்கி ஈடு கேட்கும். தொடங்கி முதல் ஆறு மாதம் லாபம் வராத காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பல சங்கங்கள் அந்த ஆறு மாதத்தில்தான் சாகின்றன.

இன்னொரு காரணம் வெற்றியிலேயே இருக்கிறது. சங்கம் நன்றாக ஓடினால் பழைய உறுப்பினர்கள் புதியவர்களைச் சேர்க்காமல் கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்குவார்கள். இருபது ஆண்டில் அது இன்னொரு கம்பெனி ஆகிவிடும். சட்டத்தில் தடுப்பு இருந்தால் மட்டுமே கூட்டுறவாக நிற்கும்.

இரண்டையும் சேர்க்க முடியுமா?

இத்தாலியில் ஒரு சட்டம் உண்டு. 1985இல் வந்தது, அமைச்சர் மார்கோரா பெயரால் அழைக்கிறார்கள். ஆலை மூடப்படும்போது தொழிலாளர்கள் தங்களுக்கு வர வேண்டிய வேலையின்மை உதவியை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி, சேர்த்து முதலாகப் போட்டு, அதே ஆலையைக் கூட்டுறவாக எடுத்து நடத்தலாம். அரசு நிதியும் பங்காகச் சேரும். பட்டினி கிடக்காமல் இருக்கத் தரும் பணம் இங்கே உடைமையாக மாறுகிறது. நான் பார்த்தவற்றில் இந்த இரண்டு யோசனைகளும் ஒட்டும் இடம் இதுதான்.

அடிப்படை வருமானம் மட்டும் இருந்தால் எல்லோரும் கொஞ்சம் தெம்பான வாடிக்கையாளர்கள் ஆவோம், கடை முதலாளியுடையது. கூட்டுறவு மட்டும் இருந்தால் மாடும் நிலமும் உள்ளவர் உறுப்பினர் ஆவார், இல்லாதவர் வெளியே நிற்பார். நிலமற்ற ஒரு குடும்பத்தில் நாலு பேருக்கும் மாதம் ஆயிரம் வந்தால் பங்குத்தொகை கட்ட முடியும், முதல் ஆறு மாதத்தைத் தாண்ட முடியும். இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முதலில் கையில் காசு, கூடவே கூட்டுறவுச் சட்டத்தில் பதிவாளரின் பிடியைத் தளர்த்துவது.

ஸ்விக்கி, ஓலா ஓட்டும் பிள்ளைகளுக்கு?

செயலியைத் தாங்களே சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்பது யோசனை. நியூயார்க்கில் 2021இல் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். செயலி எழுதுவது கஷ்டம் இல்லை. நஷ்டத்தில் தள்ளுபடி கொடுத்து வாடிக்கையாளரைப் பிடிக்கும் கம்பெனியோடு போட்டி போடுவதுதான் கஷ்டம். உள்ளாட்சியோ அரசோ முதல் சில ஆண்டு தாங்காமல் இது நிற்காது.

சுவிட்சர்லாந்து மக்களே அடிப்படை வருமானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே?

ஆமாம். 2016 ஜூன் 5 வாக்கெடுப்பில் 76.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தொகை எவ்வளவு, வரி எவ்வளவு என்று எதுவும் எழுதாமல் கேட்டால் நானும் யோசித்திருப்பேன்.

நான் இப்போது என்ன செய்யலாம்?

உங்கள் ஊர்ச் சங்கத்தில் நீங்கள் உறுப்பினரா என்று முதலில் பாருங்கள். கடன் வாங்கியபோது பங்குத்தொகை பிடித்திருப்பார்கள், பலருக்கு அது நினைவில் இருக்காது. உறுப்பினர் என்றால் பேரவைக் கூட்டத்துக்கு அறிவிப்பு வர வேண்டும். வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். தணிக்கை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். மகளிர் தொகை விண்ணப்பம் தள்ளுபடி ஆகியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். எந்தக் காரணத்தால் தள்ளினார்கள் என்பதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அதே பதில்தான் மறுபடியும் வரும்.